ஏற்காடு மலையில் ஜிபிஎஸ் போய்விடுமா? காருக்கு வழிகாட்டி வாங்குமுன் ஓர் எளிய விளக்கம்

"ஏற்காடு ஏறும்போது பாதி வழியில் ஜிபிஎஸ் கட்டாகிவிடும். தனியாக ஒரு ஜிபிஎஸ் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்." சேலத்தில் புதிதாகக் கார் எடுத்த யாரும் இந்த யோசனையிலிருந்து தப்பியிருக்க முடியாது. ஆக்சசரீஸ் கடைக்காரர் சொல்வார், டாக்சி ஸ்டாண்டில் சொல்வார்கள், வீட்டுக்கு வந்த மச்சானும் சொல்வார். கேட்டவர் ஆயிரக்கணக்கில் செலவழித்து எதையோ மாட்டிக்கொண்டு மலை ஏறினால், பழைய போன் எந்த வளைவில் திணறியதோ அதே வளைவில் புதியதும் திணறும்.

மலையில் காணாமல் போவது பெரும்பாலும் ஜிபிஎஸ் இல்லை, மொபைல் இணையம். இரண்டையும் நாம் ஒரே பெயரில் அழைப்பதால்தான் தேவையில்லாத பொருளை வாங்குகிறோம். கருவி, விலை என்று போவதற்கு முன், உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

## செயற்கைக்கோளுக்கு உங்கள் காரைத் தெரியாது

வானத்திலிருந்து செயற்கைக்கோள் நம் காரைப் பார்த்து, "இடப்பக்கம் திரும்பு" என்று சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. அது ஓயாமல் இரண்டே செய்திகளை ஒலிபரப்புகிறது: நான் இருக்கும் இடம் இது, இப்போது மணி இது. மற்ற எல்லாக் கணக்கையும் நம் கையிலிருக்கும் போன்தான் போடுகிறது.

எப்படி? ஆடி மாதம் சேலத்தில் பேட்டைக்குப் பேட்டை மாரியம்மன் பண்டிகை நடக்கும். கோட்டை, செவ்வாய்ப்பேட்டை, குகை ஆகிய மூன்று இடங்களிலும் சரியாக மாலை 6 மணிக்கு ஆளுக்கொரு அதிர்வேட்டு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கடிகாரத்தோடு ஒரு மொட்டைமாடியில் நிற்கிறீர்கள். ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் போகும். கோட்டை வேட்டு 6 மணி 3 நொடிக்குக் கேட்டால், நீங்கள் கோயிலிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறீர்கள். எந்தத் திசையில் என்று தெரியாது, ஆனால் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டரில் வட்டம் போட்டால் அந்தக் கோட்டின்மேல் எங்கோ நிற்கிறீர்கள். செவ்வாய்ப்பேட்டை வேட்டு இன்னொரு வட்டம் தரும். இரண்டு வட்டங்களும் இரண்டு புள்ளிகளில் வெட்டிக்கொள்ளும். அதில் எது உங்கள் இடம் என்பதைக் குகை வேட்டு முடிவு செய்துவிடும். நீங்கள் அங்கே நிற்பது எந்தக் கோயிலுக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

வேட்டுச் சத்தத்துக்குப் பதில் ரேடியோ அலை, கோயிலுக்குப் பதில் செயற்கைக்கோள் என்று மாற்றிக்கொண்டால் அதுதான் ஜிபிஎஸ். இந்தச் செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு நாளில் இரண்டு முறை பூமியைச் சுற்றுகின்றன. ரேடியோ அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போவதால், அங்கிருந்து இங்கே வர ஏறத்தாழ 0.07 நொடிதான் ஆகும். கணக்கு இவ்வளவு நுணுக்கமாக இருப்பதால், கடிகாரம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலே இடம் 300 மீட்டர் தவறிவிடும். அதனால்தான் செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். அணுக்களின் மாறாத அதிர்வை எண்ணி நேரம் காட்டும் கடிகாரம் அது.

நம் போனில் அப்படி ஒன்று இல்லையே? மொட்டைமாடியில் உங்கள் கைக்கடிகாரம் ஒரு நொடி தவறாக இருந்தால் மூன்று வட்டங்களும் ஒரே அளவு தவறும், ஒரே புள்ளியில் சந்திக்காது. நான்காவதாக ஒரு வேட்டும் கேட்டால், "கடிகாரம் எவ்வளவு தவறு" என்பதையும் சேர்த்துக் கண்டுபிடித்துவிடலாம். ஜிபிஎஸ்ஸுக்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும் என்பது இதனால்தான்.

கொஞ்சம் வரலாறு. அமெரிக்கா முதல் ஜிபிஎஸ் செயற்கைக்கோளை 1978-ல் ஏவியது. முழு அமைப்பும் 1995-ல் தயாரானது. பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே துல்லியம் குறைத்துத் தந்துகொண்டிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதம் அதை நிறுத்திய பிறகுதான் கார்களுக்கு இது உண்மையில் பயன்பட ஆரம்பித்தது. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ, நம் இஸ்ரோவின் நேவிக் ஆகியவையும் இதே வேலையைச் செய்பவை. இன்றைய போன்கள் ஒரே நேரத்தில் இவற்றில் பலவற்றைக் கேட்கின்றன. நேவிக்கின் முதல் செயற்கைக்கோள் 2013-ல் போனது. சிலவற்றில் அணுக் கடிகாரம் பழுதானது. புதிய தலைமுறைச் செயற்கைக்கோள்களை ஏவும் வேலை 2023-ல் தொடங்கியது. அதனால் பெட்டியில் "நேவிக்" என்று அச்சிட்டிருந்தால் சந்தோஷப்படலாம், அதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

இதுவரை: போன் வானொலிப் பெட்டி மாதிரி கேட்கிறது, அவ்வளவுதான். அதற்கு சிம் வேண்டாம், டேட்டா வேண்டாம், மாதக் கட்டணம் வேண்டாம். மொபைல் டவரே இல்லாத இடத்திலும் வானம் தெரிந்தால் வேலை செய்யும்.

## அப்படியானால் மலையில் எது நின்றுபோகிறது?

மேலே சொன்ன கணக்கின் விடை வெறும் எண்கள். ஏற்காடு ஊர் என்றால் வடக்கே 11.78 பாகை, கிழக்கே 78.21 பாகை. இதை வைத்துக்கொண்டு யாரும் கார் ஓட்ட முடியாது. எண்ணை இடமாகக் காட்ட ஒரு வரைபடம் வேண்டும். அந்த வரைபடத்தில் எந்தச் சாலை வழியாகப் போனால் சீக்கிரம் என்று கணக்குப் போட ஒரு செயலி வேண்டும். எங்கே நெரிசல் என்ற தகவல் வேண்டும். இந்த நெரிசல் தகவல் செயற்கைக்கோளிலிருந்து வருவதில்லை. சாலையில் போகும் மற்றவர்களின் போன்கள் தங்கள் வேகத்தை இணையம் வழியாக அனுப்புவதைத் திரட்டித்தான் வரைபடத்தில் சிவப்பு, ஆரஞ்சு கோடு போடுகிறார்கள்.

ஆக, இடம் வானத்திலிருந்து வருகிறது. வரைபடமும் வழியும் நெரிசலும் சாதாரணமாக இணையத்திலிருந்து வருகின்றன. அடிவாரம் தாண்டி வளைவுகளில் ஏறும்போது டவர் விட்டுவிட்டுக் கிடைக்கும். அப்போது என்ன நடக்கும் என்று கவனித்துப் பாருங்கள். ஏற்கெனவே போட்ட வழி போனில் சேமிக்கப்பட்டிருப்பதால் அது தொடரும். நடுவில் வேறு இடத்தைத் தேடினாலோ, வழி தவறினாலோ திரையில் காத்திருப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். நீலப் புள்ளி மட்டும் வெறும் சாம்பல் நிறத் திரையில் நகர்ந்துகொண்டிருக்கும். அந்தப் புள்ளி நகர்கிறது என்றால் ஜிபிஎஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இல்லாதது வரைபடம்.

இதற்கு மருந்து இலவசம். ஆஃப்லைன் வரைபடம் என்பது ஒரு பகுதியின் வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்வது. கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு, ஆஃப்லைன் வரைபடங்கள் என்ற இடத்துக்குப் போய், சேலம், ஓமலூர், மேட்டூர், ஏற்காடு எல்லாம் அடங்குமாறு கட்டத்தை இழுத்து, இறக்கிவிட வேண்டியதுதான். வீட்டு வைஃபையில் செய்தால் டேட்டாவும் மிச்சம். காரில் போகும் வழியை இணையம் இல்லாமலே காட்டும். நெரிசலும் மாற்று வழிகளும் மட்டும் காட்டாது. இறக்கிய வரைபடத்துக்குக் காலாவதித் தேதி உண்டு, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மேண்ட் போன்ற செயலிகள் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொது வரைபடத்தைப் பயன்படுத்துகின்றன. அவை ஆஃப்லைனுக்கென்றே உருவானவை. மேப்மைஇந்தியாவின் மேப்பில்ஸும் ஒரு நல்ல இந்தியத் தேர்வு.

## நிஜமான ஜிபிஎஸ் பிழைகள்

ஜிபிஎஸ் தவறே செய்யாது என்று சொல்ல வரவில்லை. திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண போன் ஏறத்தாழ 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சீலநாயக்கன்பட்டி, கொண்டலாம்பட்டிப் பக்கம் தேசிய நெடுஞ்சாலையும் சர்வீஸ் ரோடும் ஒட்டி ஒட்டிப் போகின்றன. எதில் இருக்கிறீர்கள் என்பதை 5 மீட்டர் துல்லியத்தால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் செயலி ஒரு தந்திரம் செய்கிறது. கிடைத்த புள்ளியைப் பக்கத்தில் இருக்கும் சாலையில் இழுத்து ஒட்டிவிடும். இதைச் சாலைப் பொருத்தம் எனலாம். சரியான சாலையில் ஒட்டினால் நமக்குத் தெரியாது. தவறான சாலையில் ஒட்டினால் அம்புக்குறி கன்னாபின்னாவென்று திரும்பச் சொல்லும்.

ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலம் இதற்குச் சரியான பரீட்சை. மேலே போகிறீர்களா, கீழே போகிறீர்களா என்று தெரிய உயரம் தெரிய வேண்டும். செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேல்தான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதனால் பக்கவாட்டு இடத்தைவிட உயரக் கணக்கு எப்போதும் மோசமாகத்தான் வரும். பாலத்தின் மேல் பாதி தூரம் போன பிறகு "இடப்பக்கம் திரும்பவும்" என்று கேட்டால் பதற வேண்டாம், நீங்கள் கீழே இருப்பதாக அது நினைத்துக்கொண்டிருக்கிறது. விலை உயர்ந்த கருவி வாங்கினால் இது தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாலம் ஏறுமுன் பெயர்ப் பலகையைப் படிப்பதுதான் இன்றும் நல்ல வழி.

மலைப் பாதையில் வேறு விதமான தொல்லை. ஒரு பக்கம் செங்குத்தான மலைச் சரிவு, பாதி வானத்தை மறைத்துவிடும். பாறையில் பட்டு எதிரொலித்து வரும் சிக்னல், நேராக வந்ததைவிடத் தாமதமாக வரும். தாமதம் என்றால் தூரம் அதிகம் என்று போன் கணக்குப் போடும், இடம் தள்ளிப்போகும். சேலம்–ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவின் மேல் கையும் கீழ் கையும் வரைபடத்தில் அருகருகே இருப்பதால், அம்பு சில சமயம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். அங்கே இருப்பது ஒரே சாலை என்பதால் அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை. இந்த எதிரொலிப் பிழையைக் குறைக்க வந்ததுதான் இரட்டை அலைவரிசை. ஒரே செயற்கைக்கோளை இரண்டு அலைவரிசைகளில் கேட்டு ஒப்பிடும் வசதி அது. எல்1, எல்5 என்று போனின் விவரப் பட்டியலில் போட்டிருந்தால் உண்டு என்று பொருள். புதுப் போன் எப்படியும் வாங்கப்போகிறீர்கள் என்றால் இதைப் பார்த்து வாங்குங்கள். இதற்காகவே போனை மாற்றுவது வீண்.

இன்னொன்று, ஆரம்பத் தாமதம். செயற்கைக்கோள் தன் இருப்பிட விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் அனுப்புகிறது. ஒரு செயற்கைக்கோளின் விவரத்தை முழுதாகக் கேட்கவே அரை நிமிடம் ஆகும். போனில் இணையம் இருந்தால் அந்த விவரத்தை இணையத்திலிருந்தே எடுத்துக்கொண்டு உடனே தொடங்கிவிடும். இதற்குத் துணை ஜிபிஎஸ் என்று பெயர். சிம் இல்லாத பழைய போனில் முதல் தடவை இடம் கிடைக்கச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் "பழைய போனில் ஜிபிஎஸ் செத்துப்போச்சு" என்று தூக்கிப் போடுகிறார்கள். திறந்த வெளியில் கொஞ்சம் பொறுமையாக வையுங்கள்.

சுருக்கமாக: இணையம் இல்லாவிட்டால் ஆஃப்லைன் வரைபடம் போதும். சர்வீஸ் ரோடு, பாலம், பாறை ஆகிய மூன்றிலும் எந்தக் கருவியும் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும்.

## சரி, எதை வாங்குவது?

பெரும்பாலானவர்களுக்கு என் பதில்: கையிலிருக்கும் போன், ஒரு நல்ல ஹோல்டர், ஒரு நல்ல சார்ஜர். சில நூறு ரூபாய்தான் செலவு, ஆனால் அந்தச் சில நூறில் கஞ்சத்தனம் வேண்டாம். சேலத்து வெயிலில் கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டின் மேல் போனை வைத்தால் சூடேறித் திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், கடைசியில் செயலியே திணறும். ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டும் ஹோல்டர் போனைக் குளிர்ச்சியாக வைக்கும், நம் ஊருக்கு அதுவே பொருத்தம். காந்த ஹோல்டர் ஜிபிஎஸ்ஸைக் கெடுக்காது. போனின் திசைகாட்டியைக் குழப்பலாம், ஆனால் கார் நகர ஆரம்பித்துவிட்டால் செயலி திசையை நகர்விலிருந்தே அறிந்துகொள்ளும். மலிவான சார்ஜரில் ஒரு சிக்கல் உண்டு: வழிகாட்டி ஓடும்போது போன் தின்னும் மின்சாரத்தைவிடக் குறைவாகத் தரும். காலையில் கிளம்பும்போது 80 சதவீதம் இருந்தது, ஏற்காடு போய்ச் சேரும்போது 60 ஆகிவிட்டது என்றால் குற்றவாளி அதுதான்.

சொந்தப் போனைப் பூட்டி வைக்க மனமில்லை என்றால், அலமாரியில் கிடக்கும் பழைய போனை எடுத்து, சிம் இல்லாமல், ஆஃப்லைன் வரைபடம் இறக்கிக் காருக்கென்றே வைத்துக்கொள்ளலாம். இதைவிட மலிவான வழிகாட்டி உலகத்தில் இல்லை. காரை நிறுத்தினால் மட்டும் வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பேட்டரி உப்பிவிடும். டேப்லெட்டைப் பயன்படுத்த நினைத்தால் ஒரு எச்சரிக்கை: வைஃபை மட்டும் உள்ள ஐபேடுகளில் ஜிபிஎஸ் சிக்னலைக் கேட்கும் பாகமே கிடையாது.

போனை வழிகாட்டியாகப் பயன்படுத்தினால் போலீஸ் பிடிக்குமா என்ற கேள்வியும் வரும். 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் கைபேசியைப் பயன்படுத்தலாம் என்கிறது. கையில் பிடித்துக்கொண்டு பார்ப்பது கவனம் சிதறாத வகையில் சேராது.

அடுத்தது ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. பாட்டு, ரிவர்ஸ் கேமரா, பெரிய திரை இதற்காக வாங்குங்கள், குறை சொல்ல மாட்டேன். வழி பார்க்க மட்டும் என்றால் தேவையில்லை. வாங்கினால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். இதற்கு வயரோடு கூடிய சின்னக் கறுப்பு ஆண்டெனா ஒன்று வரும், அதுதான் இதன் காது. மாட்டுபவர் அவசரத்தில் அதை ஸ்டீரியோவுக்குப் பின்னால் இரும்புக்கு நடுவே திணித்துவிடுவதுண்டு. முன்கண்ணாடிக்குக் கீழே, வானம் தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், காரை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து, ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு இடம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஷெட்டுக்குள் வைஃபையோடு காட்டும் டெமோவில் ஒன்றும் தெரியாது. பெட்டியில் போட்டிருக்கும் ரேம் அளவையும் அப்படியே நம்ப வேண்டாம். குறைந்த ரேமில் வரைபடமும் பாட்டும் சேர்ந்து ஓடினால் அம்பு நம் காருக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும்.

ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே என்பவை தனி வழிகாட்டிகள் அல்ல. மூளை போனில் இருக்கிறது, காரின் திரை அதைக் காட்டும் கண்ணாடி மட்டுமே. போனில் ஆஃப்லைன் வரைபடம் இருந்தால் இங்கேயும் இருக்கும்.

கார்மின், டாம்டாம் போன்ற தனி வழிகாட்டிக் கருவிகளை வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தருவதுண்டு, பழையதாகவும் கிடைக்கும். அதில் இந்திய வரைபடம் இருக்கிறதா, அது எந்த ஆண்டினுடையது, புதுப்பிக்கக் காசு கேட்குமா என்ற மூன்றுக்கும் விடை தெரியாமல் வாங்காதீர்கள். ஐந்து ரோடு மேம்பாலமே இல்லாத வரைபடம் சேலத்துக்கு எதற்கு?

கடைசியாக டிராக்கர். சங்ககிரி, நாமக்கல் லாரிப் பட்டறைகளில் "ஜிபிஎஸ் மாட்டியாச்சு" என்றால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். வண்டி எங்கே நிற்கிறது என்பதைத் தன் சிம் வழியாக உரிமையாளரின் போனுக்கு அனுப்பும் பெட்டி. இதற்குத் திரையும் இல்லை, ஓட்டுபவருக்கு வழி சொல்லவும் தெரியாது, ஆண்டுச் சந்தா வேறு. வாடகைக் கார், பஸ்களில் பொருத்தச் சொல்லும், ஏஐஎஸ் 140 என்ற தரநிலைப்படி செய்த கருவியும் இந்த வகைதான். கார் திருட்டுப் போனால் எங்கே என்று தெரிய வேண்டும் என்றால் வாங்கலாம். ஏற்காட்டுக்கு வழி தெரிய அல்ல.

## மலைக்குக் கிளம்பும் நாளில்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அடிவாரம் வழியாக ஒரு பாதை, குப்பனூர் வழியாக இன்னொன்று. செயலி எதைக் காட்டினாலும், எந்தப் பாதை என்று கிளம்புமுன்னே நீங்களே முடிவு செய்துகொள்வது நல்லது. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடினால் அது செயலிக்கு உடனே தெரிய வேண்டும் என்பதில்லை. ஆஃப்லைனில் ஓடினால் தெரியவே தெரியாது.

மேலே போன பிறகு காபித் தோட்டங்களுக்குள் போகும் குறுகிய எஸ்டேட் பாதைகளையும் வரைபடம் சாலை என்றே காட்டும். இரண்டு நிமிடம் மிச்சம் என்று அதில் திருப்பிவிடும், கடைசியில் பூட்டிய கேட் வரும், காரைத் திருப்ப இடமும் இருக்காது. மலையில் பஸ் போகும் ரோடு எதுவோ அதை விடாதீர்கள்.

தமிழ்க் குரலையும் வீட்டிலேயே போனில் இறக்கி வையுங்கள். வளைவில் திரையைப் பார்ப்பதைவிடக் காதால் கேட்பது எவ்வளவோ மேல், ஆனால் குரல் இறக்கப்படாமல் இருந்தால் இணையம் போனதும் அது மௌனமாகிவிடலாம். மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி நாட்களில் ஆஃப்லைன் வரைபடம் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள், அது நெரிசலே தெரியாமல் போட்ட கணக்கு. அடிவாரத்தில் டவர் இருக்கும்போதே நெரிசல் நிறத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். போலீசார் அன்றைக்கு ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை என்று மாற்றியிருந்தால், செயலி என்ன கத்தினாலும் அவர்கள் கை காட்டும் பக்கம்தான் போக வேண்டும்.